பொறியியல் மாணாக்கர்க்கு மென்திறன் பயிற்றுதல்

பொறியியற் கல்லூரிகளில் ‘மென்திறன்’ என்னும் சொல் இந்நாளில் பெருவழக்காகி விட்டது. தெளிவாகப் பேசுதல், பிழையற எழுதுதல், பிறர் கூறுவதைச் செவிமடுத்தல், குழுவாகக் கூடி உழைத்தல், பொறுப்பேற்றல் ஆகியவை இதனுள் அடங்கும். 1972-ல் அமெரிக்கத் தரைப்படையினர் பயிற்சி முறைகளைப் பற்றிக் கூட்டிய மாநாடு ஒன்றில், இயந்திரங்களோடு நேரே தொடர்புடைய திறன்களை ‘வன்திறன்’ என்றும், பெரும்பாலும் மனிதரோடும் ஏடுகளோடும் தொடர்புடையவற்றை ‘மென்திறன்’ என்றும் பிரித்து ஆராய்ந்தனர். ‘மென்மை’ என்ற அடைமொழியைக் கண்டு, இவை எளியவை என்றோ இரண்டாந்தரமானவை என்றோ எண்ணிவிடலாகாது.

சொல் புதிதாயினும் தேவை பழையது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த பொறியாளர் விசுவேசுவரய்யா 1917-ல் பெங்களூரில் ஒரு பொறியியற் கல்லூரியை நிறுவினார். பின்னாளில் அது அவர் பெயரையே தாங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் சார்லஸ் மான் என்பார் பொறியியற் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நேர்மை, பொதுஅறிவு, முன்முயற்சி, மனிதரைப் புரிந்துகொள்ளும் இயல்பு முதலியன தொழில்நுட்ப அறிவைவிட எவ்வகையிலும் குறைந்தவையல்ல என்று அதில் அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட உண்மை இது.

எச்சரிக்கை செவியேறாத கதை

பொறியாளர் கண்டறிந்த உண்மை, முடிவு செய்யும் பொறுப்புடையவரைச் சென்றடையாவிடில் என்ன நேரும் என்பதற்கு ‘சாலஞ்சர்’ விண்வெளி ஓடத்தின் அழிவு தக்க சான்றாகும். 1986 ஜனவரி 27-ஆம் நாள் இரவு, அதன் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், தொலைபேசி வழியாக நடந்த கூட்டத்தில் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தம் மீள்தன்மையை இழக்கக்கூடும். எனவே வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைவாக இருப்பின் ஓடத்தைச் செலுத்தலாகாது என்றனர். வாதம் நீண்டது. இறுதியில் அந்நிறுவனத்தின் மேலாளர்கள் அப்பரிந்துரையை மாற்றிவிட்டனர். மறுநாள் ஓடம் புறப்பட்ட 73-ஆம் வினாடியில் சிதைந்தது, எழுவர் உயிரிழந்தனர்.

முந்தைய பயணங்கள் அனைத்திலும் வெப்பநிலைக்கும் வளையங்களின் சேதத்திற்கும் இருந்த தொடர்பை ஒருசேரக் காட்டும் வரைபடம் அன்றிரவு அனுப்பப்பட்ட தாள்களுள் இல்லை. அதே சமயம், கேட்கும் இடத்தில் இருந்தோரும் ஐயத்தை ஐயமாக மதிக்கவில்லை. முடிவு செய்த முறையே பழுதுடையது என விசாரணைக் குழு கண்டது. எடுத்துரைக்கும் திறனும் செவிமடுக்கும் திறனும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பெங்களூரு அளிக்கும் பாடம்

தோல்வியை ஒரு தலைவர் எவ்வாறு ஏற்கிறார் என்பதைப் பொறுத்தே, அவர் குழுவினர் அடுத்த முறை உண்மையை அஞ்சாது கூறுவர். பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், அதே காலத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கியவர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுற்றதால் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமை முன்னிறுத்தாமல், தவான் தாமே செய்தியாளரைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோள் வெற்றியுடன் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளரிடம் பேசும்படி கலாமைப் பணித்தார். இச்செய்தியைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் எடுத்துக் கூறியுள்ளார். தலைமைப் பண்பு என்பது யாது என்று மாணாக்கர்க்கு விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மொழி வேறு, திறன் வேறு

பெங்களூரு நகரின் வகுப்பறைகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒருங்கே அமர்ந்து பயில்கின்றனர். தாய்மொழி வழியே பள்ளிக் கல்வி முடித்து வந்த மாணாக்கர் ஆங்கில வகுப்பில் வாய் திறவாதிருப்பதைக் கண்டு, அவருக்குத் திறன் குறைவு என ஆசிரியர் முடிவு கட்டுவது பெருந்தவறு. நாவில் ஆங்கிலம் சரளமாக ஓடுவதும், கழுத்தில் ‘டை’ அணிவதும் மென்திறன் ஆகா. மாணாக்கர் தம் கருத்தை முதலில் தாய்மொழியில் ஒழுங்குபடக் கூறட்டும். பின்னர் அதனையே ஆங்கிலத்தில் கூறட்டும். கருத்தின் வரிசையை முதலிலும், மொழியின் செம்மையை அடுத்தும் திருத்துவது நன்று. வேலைக்கு ஆங்கிலம் வேண்டியதே. ஆயினும் அதற்காகச் சிந்தனை ஊமையாகிவிடக் கூடாது.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சிகள்

மென்திறனுக்கெனத் தனி வகுப்பு ஒன்றை ஒதுக்கிச் சொற்பொழிவு நிகழ்த்துவதால் பயன் சிறிதே. நீந்தக் கற்பவர் நீரில் இறங்கியே ஆகவேண்டும். அதுபோல் இத்திறன்களும் ஆய்வுக்கூடத்திலும் திட்டப் பணியிலுமே வளரும்.

1. ஐந்து வாக்கிய அறிக்கை: சோதனை முடிந்தவுடன் மாணாக்கர் ஒருவர் எழுந்து, எதனை அளந்தோம், எவ்வாறு அளந்தோம், என்ன கண்டோம், எவ்வளவு உறுதி, அடுத்துச் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை வாக்கியத்திற்கு ஒன்றாகக் கூற வேண்டும்.

2. ஒரே செய்தி, மூவகைக் கேட்போர்: பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொணரப்படுகிறது. 1,000 லிட்டர் நீரை அவ்வளவு உயர்த்த, உராய்வு முதலிய இழப்புகளைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 1.36 யூனிட் மின்சாரம் தேவை. இதனை ஓர் இல்லத்தரசிக்கும், ஒரு நகராட்சி அலுவலருக்கும், ஒரு மின்பொறியாளருக்கும் மாணாக்கர் தனித்தனியே விளக்க வேண்டும். கணக்கு மாறாது, சொல்லும் முறை மாறும்.

3. மறுக்குமுன் திருப்பிக் கூறுதல்: விவாதத்தில் எதிர்த்துப் பேச விழைபவர், முன்னவர் கூறியதைத் தம் சொற்களில் கூறி, அவர் ‘ஆம்’ என்ற பின்னரே மறுக்கலாம்.

4. பணி மாற்றம்: நால்வர் அடங்கிய குழுவில் தலைவர், அளப்பவர், குறிப்பெழுதுபவர், குறை காண்பவர் ஆகிய பொறுப்புகள் வாரந்தோறும் கைமாற வேண்டும். குறை காண்பது பகையன்று, ஒரு கடமை என்பதை யாவரும் இதனால் உணர்வர்.

மதிப்பிடும் முறை

2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பாயிற்று. அந்நாளில் தேசிய அங்கீகார வாரியம் பட்டதாரிக்கு வகுத்திருந்த 12 தகுதிகளுள் தொழில் அறம், குழுப் பணி, கருத்துத் தொடர்பு ஆகியவை தனித்தனியே இடம்பெற்றிருந்தன. ஆயினும் மதிப்பெண் பெறாத பாடத்தை மாணாக்கர் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் ஆய்வுக்கூட மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி, எவற்றைக் கவனித்து மதிப்பெண் வழங்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். தன் அளவீட்டில் நேர்ந்த பிழையைத் தானே எடுத்துக் கூறும் மாணாக்கருக்கு மதிப்பெண் குறைத்தலாகாது. குறைத்தால், பிழையை மறைக்கும் வித்தையையே கல்லூரி கற்பித்ததாகும்.

களப் பணியாளர்க்கும் இவை பொருந்தும். பாலத்தில் கண்ட விரிசலை மேலதிகாரிக்கு எழுதும் இளம் பொறியாளர், அதன் நீளம், அகலம், கண்ட நாள், விளையக்கூடிய தீங்கு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவாராயின், அவ்வொரு தாள் பல உயிர்களைக் காக்கக்கூடும்.

ஆய்வுக்குரிய வினாக்கள்

1. தெளிவாகப் பேசுவதற்கும் அழகாகப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. மேலதிகாரி கேட்க விரும்பாத உண்மையைப் பணிவு குன்றாமலும் உறுதி தளராமலும் எவ்வாறு கூறலாம்?

3. உங்கள் ஆய்வுக்கூடத்திலோ பணியிடத்திலோ பிழையை முதலில் கூறுபவர் எவ்வாறு நடத்தப்படுகிறார்?