தன்னை மறக்கும் ஆட்டம்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் ஜாவாத் தீவிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பலர் வாழ்கின்றனர். அவர்களின் முன்னோர் கொண்டுவந்த கலைகளுள் ஒன்று ‘கூடா கெப்பாங்’. ‘கூடா’ என்றால் குதிரை. ‘கெப்பாங்’ என்றால் முடைதல். மூங்கிலால் முடைந்த அல்லது தோலில் வெட்டிய தட்டையான குதிரை உருவத்தைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு ஆடுவதால் இப்பெயர் வந்தது.

தமிழரின் பொய்க்கால் குதிரையை இது நினைவூட்டலாம். ஆனால், இரண்டும் வேறு வேறு. பொய்க்கால் குதிரையில் ஆடுபவர் குதிரைமேல் அமர்ந்த அரசராகத் தோன்றுவார். கூடா கெப்பாங்கின் பழைய வடிவத்திலோ, ஆடுபவரே குதிரையாகிவிடுவதாக நம்பப்பட்டது. மேளமும் கோங்கும் ஓயாமல் ஒலிக்க, சிலர் தன்னிலை இழப்பர். புல்லை மெல்லுவர், மட்டைத் தேங்காயைப் பல்லால் உரிப்பர். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டார்கள். ஆவி புகுந்துவிட்டது என்பர் ஊரார்.

உளவியலாளர்கள் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். ஒரே தாளத்தைத் தொடர்ந்து கேட்பது, நெடுநேரம் ஆடிய களைப்பு, ‘இப்போது ஆவி இறங்கும்’ என்ற எதிர்பார்ப்பு ஆகியவை சேரும்போது மனம் தன்னுணர்வை விட்டு விலகக்கூடும். நினைவு திரும்பிய பின், நடந்தது ஒன்றும் தெரியாது என்று சொல்வோரும் உண்டு. நம் கோயில் திருவிழாக்களில் ‘அருள்’ வந்து ஆடுவோரும் அவ்வாறு கூறக் கேட்டிருப்போம்.

இவ்வாட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவர் இன்னொருவர் உண்டு. அவர்தான் குழுத் தலைவர். ஆடுபவர் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளாதபடி பார்ப்பதும், இறுதியில் அவரை மீண்டும் மனிதராக்கி வீட்டுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. மீட்க ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் தம்மை இழக்கத் துணிகிறார்.

சமய அடிப்படையில் எதிர்ப்பு எழுந்ததால், இன்று பல குழுக்கள் தன்னிலை இழக்கும் பகுதியை விட்டுவிட்டு, ஆட்டத்தை மட்டும் திருமணங்களிலும் கலை விழாக்களிலும் நிகழ்த்துகின்றன. ஆவி இல்லாமல் ஆடினால் இக்கலை தன் அடையாளத்தை இழந்துவிடும் என்று வருந்துவோர் உள்ளனர். ஆடினால்தானே அடுத்த தலைமுறை இதைக் கற்கும் என்போரும் உள்ளனர்.

தம்மை இழந்த மனிதரை மீட்கக் குழுத் தலைவர் இருந்தார். மறையத் தொடங்கும் ஒரு கலையை மீட்பது யார் பொறுப்பு? சிந்தித்துப் பாருங்கள்.