பரீட்சை பயமும் நம் பிள்ளைகளும்



மார்ச் மாதம் வந்தால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுப்படி வரை பரீட்சைப் பேச்சுதான். காலையில் "வயிறு வலிக்குதும்மா" என்கிறது பிள்ளை. பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறது என்று நினைக்கிறோம். எல்லாமே நடிப்பு இல்லீங்க. மனசில் பயம் இருந்தால் உடம்பு காட்டும். தலைவலி, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, எரிந்து விழுவது எல்லாம் அதனால் வரலாம். வலி தொடர்ந்தால் டாக்டரிடமும் காட்டணும்.

"குழுவில் கடன் வாங்கி உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று தினமும் சொன்னால், அந்தப் பாரமும் பிள்ளை தலையில் ஏறும். கடன் கணக்கு குழு நோட்டோடு இருக்கட்டும். கூட்டத்தில் "உன் மகள் எத்தனை மார்க்?" என்று விசாரிப்பதையும் விடலாமே. 2017-லேயே நம் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. நாம் ஏன் போடணும்?

பெண் பிள்ளைகளுக்குத் தண்ணி எடுப்பது, தம்பியைப் பார்ப்பது போன்ற வேலையைக் குறைங்க. அண்ணன் படிக்கும்போது மட்டும் டிவியை நிறுத்துகிற வீடுகளும் உண்டு! ராத்திரி நேரத்தோடு தூங்க வையுங்க. தூங்கினால்தான் படித்தது மனசில் நிற்கும்.

பாஸாக ஒவ்வொரு பாடத்திலும் 35 மார்க். தவறினால் துணைத் தேர்வு எழுதி அதே வருஷம் மேலே சேரலாம். இதை ரிசல்ட் வருவதற்கு முன்பே சொல்லி வைக்கணும்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீங்க, தனியாக விடாதீங்க. 14416 டெலிமானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். போன் இல்லாத உறுப்பினருக்குக் குழுப் பிரதிநிதி தன் போனைக் கொடுக்கணும், நடுராத்திரி ஆனாலும்.