பெயர்ப்பலகையிலிருந்து ஒரு குடிமையியல் பாடம்

மருங்காபுரி ஒன்றியத்தில் பணியாற்றும் நான், ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்பு பற்றிய பாடம் வரும்போது மாணவர்களைப் பள்ளி வாயிலுக்கு அழைத்துச் சென்று பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வது வழக்கம். "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி" என்று படிப்பார்கள். அப்படியானால் எனக்குச் சம்பளம் தருவது யார்? "யூனியன் ஆபீஸ் சார்!" என்று வகுப்பே சொல்லும்.

ஒரு காலத்தில் அது சரியான விடைதான். 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்தபின், கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் இருந்தன. ஆசிரியர்களும் ஒன்றியத்தின் பணியாளர்களே. 1981 ஜூன் 1 முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆயினர். 1986இல் பள்ளிக் கல்வி இயக்ககத்திலிருந்து பிரிந்து தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் வந்தது. ஆசிரியர் துறைக்குப் போனார். கட்டடமும் பலகையும் ஒன்றியத்திடமே நின்றன.

இதை விரிவுரையாகச் சொன்னால் ஆறாம் வகுப்புக்கு ஏறாது. ஆகவே துண்டுச் சீட்டுகளில் கூரை, சுற்றுச்சுவர், ஆசிரியர், பாடநூல், சத்துணவு என எழுதிக் கொடுத்து, எது எந்த அலுவலகத்துக்கு உரியது என்று ஒட்டச் சொல்கிறேன். ஆசிரியர் சீட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு. கூரை வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு. பாடநூல், பாடநூல் கழகத்துக்கு. சத்துணவில்தான் சண்டையே வரும். சமைப்பது பள்ளியில், துறையோ சமூக நலத்துறை, ஒன்றிய அளவில் கவனிப்பதோ வளர்ச்சி அலுவலகம்!

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நம்ம வகுப்பு ஒழுகுறதுக்கு யாருக்கு சார் எழுதணும்?" அன்றைய எழுத்துப் பயிற்சி அதுவே ஆயிற்று. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு விண்ணப்பம், வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல். நான்கு வரியில் இடம், பழுது, பாதிப்பு, வேண்டுகோள். அவற்றுள் சிறந்ததைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்து, தீர்மானத்துடன் இணைத்தோம்.

மாணவருக்கு இவ்வளவு போதும். ஆசிரியர்களாகிய நாம் இன்னும் இரண்டு மாற்றங்களை அறிந்திருப்பது நல்லது. 2018 மே மாத அரசாணை 101, மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் என்னும் தனிப் பணியிடத்தை நீக்கி, தொடக்கப் பள்ளிகளையும் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ்க் கொண்டுவந்தது. 2022இல் தொடக்கக் கல்விக்கெனத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் மீண்டும் வந்தார். நான்கே ஆண்டுகளில் கோப்பு செல்லும் வழி இருமுறை மாறியது. கூரைப் பழுதுக்கான விண்ணப்பம் மட்டும் இரு முறையும் அதே வளர்ச்சி அலுவலகத்துக்குத்தான் சென்றது.