விழுங்கும் கருந்துளை ஒளிவீசுவது எப்படி?



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கருந்துளையைப் பற்றிப் பேச்செழுந்தது. "கருந்துளை எப்படி இருக்கும் என்று வரைந்து வாருங்கள்" எனக் கூறியிருந்தோம். எல்லாரும் தாளின் நடுவே ஒரு கரிய வட்டம் வரைந்து வந்தனர். ஒரு மாணவி மட்டும் கரிய வட்டத்தைச் சுற்றி மஞ்சள் வளையமும், மேலும் கீழும் பாயும் நெருப்புக் கோடுகளும் தீட்டியிருந்தாள். "ஒளியைக்கூட வெளியே விடாத துளை எப்படியம்மா ஒளிவீசும்?" என்று கேட்டு, சிவப்பு மையால் பிழையெனக் குறித்தோம். வகுப்பு சிரித்தது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தந்தையார், செம்பனைக் குலை வெட்டும் வேலையை முடித்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்தார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. பேப்பர்ல வந்த படத்தைப் பார்த்துத்தான் பிள்ளை வரைஞ்சிருக்கா. அது தப்புன்னா எது சரின்னு சொல்லிக் குடுங்க. இனிமே வரையவே மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா" என்றார். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. நூல்களைத் தேடிப் படித்தோம். அவள் வரைந்ததே சரி, பிழை நம்முடையது. அதை வகுப்பில் ஒப்புக்கொண்டோம். நாம் படித்தறிந்ததை அனைவரும் அறியும்பொருட்டு இம்மலரில் எழுதுகின்றோம்.

கன்னி ராசியில் ஒரு விந்தை

சார்லசு மெசியர் என்னும் பிரெஞ்சு வானியலார், 1781ஆம் ஆண்டில் கன்னி ராசியில் மங்கலான ஓர் ஒளித்திட்டைக் கண்டு, தம் பட்டியலில் 87ஆவது எண்ணாகக் குறித்தார். அதுவே எம் 87. அஃது எண்ணற்ற விண்மீன்கள் திரண்ட ஒரு பெரும் விண்மீன் மண்டலம் என்பது பின்னரே தெரிந்தது. அதன் தொலைவு ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டு. நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிக்கே அங்கிருந்து வந்து சேர அத்தனை ஆண்டுகள் ஆகும்.

1918ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஹீபர் கர்ட்டிசு, அம்மண்டலத்தின் நடுவிலிருந்து நேரான ஓர் ஒளிக்கீற்று நீண்டிருப்பதைக் கண்டார். அதன் நீளம் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு என இன்று அறிகின்றோம். அதை இங்குத் தாரை என்போம்.

1963ஆம் ஆண்டில் மார்ட்டின் சிமித்து என்பார் மற்றொரு விந்தையைக் கண்டறிந்தார். அதே கன்னி ராசியில் விண்மீன்போல் தோன்றிய 3சி 273 என்னும் ஒளிப்புள்ளி, உண்மையில் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. அவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிய வேண்டுமாயின், நமது பால்வீதி முழுவதையும்விட அது பன்மடங்கு ஒளிர வேண்டும். இத்தகையவற்றைக் குவேசார் என்பர். நடுப்பகுதி இவ்வாறு கொந்தளிக்கும் மண்டலங்களைக் கிளர்வுற்ற விண்மீன் மண்டலங்கள் எனலாம்.

இன்னுமொரு வியப்பும் உண்டு. குவேசார்களின் ஒளி சில நாள்களிலோ, வாரங்களிலோ கூடிக் குறைகின்றது. நீண்ட லயத்தின் ஒரு முனையில் சொன்ன செய்தி மறுமுனையை எட்டச் சற்று நேரமாகும் அல்லவா? அதுபோல, ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மங்கவோ மிளிரவோ வேண்டுமாயின், ஒளி அதனைக் கடக்கும் நேரமேனும் ஆகும். ஒரு வாரத்தில் ஒளி மாறினால், அப்பொருளின் அகலம் ஒளி ஒரு வாரத்தில் செல்லும் தூரத்துக்கு மேல் இருத்தல் அரிது. ஒரு மண்டலத்தின் ஒளியை வெல்லும் பேரொளி, அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய இடத்திலிருந்து வருகின்றது! அங்கே இருப்பது யாது? பெருங்கருந்துளையே என்று 1969ஆம் ஆண்டில் டோனால்டு லிண்டன்-பெல் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார்.

ஆற்றல் எங்கிருந்து வருகின்றது?

உயர்ந்த செம்பனையிலிருந்து குலை விழும்போது நிலம் அதிர்கின்றது. அடியில் எவரும் நிற்பதில்லை. மரம் எவ்வளவு உயரமோ, அடியும் அவ்வளவு பலம். விழும் பொருளுக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டியதில்லை. கருந்துளையோ, இயற்கையில் உள்ள பள்ளங்களுள் எல்லாம் ஆழமான பள்ளம். அதை நோக்கி விழும் வளிமம் ஒளியின் வேகத்தை நெருங்கும்.

ஆனால், அவ்வளிமம் நேரே விழுந்துவிடுவதில்லை. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் நீர் துளையைச் சுற்றிச் சுழன்றே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே வளிமமும் கருந்துளையைச் சுற்றித் தட்டைப்போல் பரந்து சுழல்கின்றது. உள்வட்டம் விரைவாகவும், வெளிவட்டம் மெதுவாகவும் சுழல்வதால் ஒன்றோடொன்று உராய்கின்றன. சாணைக்கல்லில் அரிவாளைத் தீட்டும்போது பொறி பறப்பதைப்போல, அவ்வுராய்வினால் வளிமம் கடுஞ்சூடேறி ஒளிர்கின்றது. அந்த ஒளியே குவேசாரின் ஒளி. அது கருந்துளைக்குள்ளிருந்து வருவதன்று. விளிம்பைத் தாண்டுமுன் வளிமம் வீசும் ஒளியே ஆகும்.

இதன் திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஞாயிற்றின் உள்ளே 1,000 கிராம் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகும்போது, ஏறத்தாழ 7 கிராம் ஆற்றலாக மாறுகின்றது. அதே 1,000 கிராம் கருந்துளையை நோக்கி விழுந்தால், ஏறத்தாழ 60 கிராம் ஆற்றலாகும். துளை மிக வேகமாகச் சுழலுமாயின் 400 கிராம் வரையிலும் ஆகலாம். எனவே, ஆண்டுக்குச் சில ஞாயிறுகளின் அளவு வளிமம் விழுந்தாலே ஒரு குவேசார் ஒளிர்வதற்குப் போதும்.

தாரை பாய்வது எவ்வாறு?

கடுஞ்சூட்டினால் அவ்வளிமம் மின்னேற்றம் பெறுகின்றது. அத்துடன் காந்தப் புலமும் சேர்ந்து இழுபடுகின்றது. தட்டும் துளையும் சுழலச் சுழல, அப்புலத்தின் கோடுகள் கயிறு திரிப்பதுபோல் முறுக்கேறி, மேலும் கீழுமாக எழுகின்றன. விளிம்பைத் தாண்டாத மின்துகள்களில் ஒரு பகுதி அவ்வழியே பிடித்துத் தள்ளப்பட்டு, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கின்றது. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே காந்தப் புலம் ஆற்றலைப் பெற்றுத் தரமுடியும் என்று பிளாண்டுபோர்டு, சினாஜெக் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆகவே, உள்ளே போனது திரும்பி வருவதில்லை. உள்ளே போகாமல் வாசலில் சுழன்றவையே ஒளியாகவும் தாரையாகவும் வெளிப்படுகின்றன. அம்மாணவிக்கு நாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.

கண்ணால் கண்ட சான்று

ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய இடங்களில் இருந்த 8 வானொலித் தொலைநோக்கிகளை 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிஞர்கள் ஒன்றிணைத்தனர். எம் 87இன் நடுப்பகுதியை நோக்கிப் பெற்ற படம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வெளியாயிற்று. ஒளிவளையத்தின் நடுவே ஒரு கரிய நிழல்! அக்கருந்துளையின் நிறை 650 கோடி ஞாயிறுகளுக்குச் சமம். அதன் அகலம் புளூட்டோ ஞாயிற்றைச் சுற்றும் பாதையின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு. வளையத்தையும் தாரையின் அடிப்பகுதியையும் ஒருங்கே காட்டும் படம் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது.

"நம்மையும் ஒரு நாள் விழுங்கிவிடுமோ?" எனச் சில தாய்மார் நம்மிடம் கேட்டதுண்டு. அச்சம் வேண்டா. நமது பால்வீதியின் நடுவிலும் 40 இலட்சம் ஞாயிறுகளின் நிறையுடைய ஒரு கருந்துளை உண்டு. அது நமக்கு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதனருகே விழுவதற்கு வளிமம் மிகுதியாக இல்லாததால் அமைதியாக இருக்கின்றது. கருந்துளை தொலைவிலுள்ளவற்றைத் தேடிச்சென்று உறிஞ்சுவதில்லை. ஞாயிறு இருக்குமிடத்தில் அதே நிறையுடைய கருந்துளை ஒன்றை வைத்தாலும், நிலவுலகம் குளிரில் உறையுமேயன்றித் தன் பாதையை விட்டு விலகாது.

முடிவாக ஒரு சொல்

1930ஆம் ஆண்டில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சந்திரசேகர் என்னும் 19 வயது இளைஞர், மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து சென்றார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால், அது வெண்குள்ள விண்மீனாக நிலைத்திருக்க இயலாது என்று பயணத்தின்போதே கணக்கிட்டார். ஏறத்தாழ 1.4 ஞாயிறு நிறையே அவ்வெல்லை. 1935ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை எடுத்துரைத்தபோது, பேரறிஞர் எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் எள்ளி மறுத்தார். ஆயினும் அவ்விளைஞரின் கணக்கே சரியாக நின்றது. 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடிங்டன் எங்கே, தோட்டப்புறப் பள்ளியின் தலைமையாசிரியர் எங்கே! ஆயினும், செய்த பிழை ஒன்றே. ஆதலின், ஆசிரியர் சிவப்பு மையால் குறித்தாலும், மாணவர்களே, "ஏன்?" என்று பணிவுடன் கேளுங்கள். பெற்றோர்களே, அந்தத் தந்தையாரைப்போல் வேலை உடையோடேனும் பள்ளிக்கு வந்து கேளுங்கள். பள்ளிக் கதவு திறந்தே இருக்கும்.

வைகாசித் திங்களின் பிற்பகுதியில், இரவு பத்து மணியளவில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று மேலே நோக்குங்கள். உச்சிக்குச் சற்று மேற்கே உத்திரம் என்னும் விண்மீன் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அதிலிருந்து கிழக்கே ஒரு முட்டியளவில் எம் 87 உள்ளது. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஆயினும், அங்கே என்ன நிகழ்கின்றது என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள். அம்மாணவி மீண்டும் வரையத் தொடங்கிவிட்டாள் என்பதையும் மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்.

— தலைமையாசிரியர்