கை ஓங்கும் பிள்ளை: பெற்றோர் குழுவில் கற்றவை

நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் கோபத்தில் பென்சில் டப்பாவை வீசினான். பக்கத்திலிருந்த மாணவியின் நெற்றியில் பட்டது. அன்று மாலையே அவன் அம்மாவை அழைத்து, "கண்டித்து வையுங்கள்" என்றேன். மறுநாள் அவன் காலில் பிரம்புத் தழும்பு இருந்தது. அன்று மதியம் அவன் மேலும் இருவரை அடித்தான். என் புகார்தான் பிரம்பாக மாறியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இச்சூழல் புதிதன்று. பெற்றோர் பலர் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா தூங்கும்போது வாடகை வீட்டின் ஒற்றை அறையில் பிள்ளை சத்தம் போடக் கூடாது. தாத்தா, பாட்டி சொந்த ஊரில் இருப்பார்கள். பிள்ளையை அமைதிப்படுத்தக் கையில் கிடைப்பது செல்போன்.

பழக்கம் உருவாகும் விதம்

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் இதனை 1982இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அம்மா போனைக் கேட்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்கிறது. இன்னொரு நாள் அம்மா அடிக்கிறார், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்று அம்மா கற்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். இச்சுழலை உடைக்கவே பெற்றோருக்கான குழுப் பயிற்சிகள் உருவாயின. கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் அமெரிக்காவில் உருவாக்கிய 'இன்கிரெடிபிள் இயர்ஸ்' அவற்றுள் ஒன்று. பெற்றோர் சிறு காட்சிகளைப் பார்த்து விவாதிப்பார்கள், நடித்துப் பழகுவார்கள், வீட்டில் செய்து பார்த்து அடுத்த வாரம் வந்து பகிர்வார்கள்.

எங்கள் குழு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, பத்துப் பெற்றோருடன் ஆறு வாரம் வட்டமாக அமர்ந்தோம். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. இதுவும் புகார்க் கூட்டம் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு தாய் பேசத் தொடங்கியதும், "எம் பையன் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன் டீச்சர்" என்று மற்றொருவர் அழுதுவிட்டார்.

பாராட்டுவதே கடினமாக இருந்தது. "எங்களை யாரும் பாராட்டுனதில்ல, வாயே வரல" என்றார் ஒரு தந்தை. தூக்கம் கெட்ட நாளில்தான் கை நீளுகிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். வேலை முடிந்து வந்த முதல் ஒரு மணி நேரம் எந்தக் கண்டிப்பும் இல்லை என்று தமக்கே விதி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் நெருக்கடி. கத்தினாலும் போன் தருவதில்லை என்று உறுதியாக நின்ற வீடுகளில் பிள்ளைகளின் கத்தல் கூடியது. இது எதிர்பார்க்கத்தக்கதே, பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். விலக நினைத்த தாயிடம், "நாலு நாள் பல்லைக் கடிச்சிக்கோ அக்கா, என் வீட்ல அப்புறம் அடங்கிடுச்சு" என்றார் இன்னொரு தாய். நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். குழுவின் பலம் இதுதான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஷிப்ட் மாறியதால் இருவர் நின்றுவிட்டார்கள். டப்பா வீசிய மாணவன் இன்னும் சில நாள் கை ஓங்குகிறான்; ஆனால் ஓங்கிய கையை அவனே இறக்குவதையும் பார்க்கிறேன்.

நாம் செய்யத்தக்கவை

• கூட்ட நேரத்தைப் பெற்றோரின் ஷிப்ட்டுக்கு ஏற்ப இரண்டாகப் பிரிக்கலாம்.

• வாரம் ஒரு திறன் போதும்: பாராட்டுதல், தெளிவாக ஒரே முறை சொல்லுதல், சொன்னதில் நிற்றல்.

• புகார் சொல்லும் முன், அப்பிள்ளை செய்த நல்ல செயல் ஒன்றைச் சொல்லி அனுப்பலாம்.

• வீட்டில் வன்முறை இருப்பதாகத் தெரிந்தால் 1098 எண்ணை அழைக்க வேண்டும். பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழிகாட்ட வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. நாம் செய்யக் கூடாததைப் பெற்றோரிடம் சொல்லி வீட்டில் செய்விப்பதும் முறையன்று. "கண்டித்து வையுங்கள்" என்று நான் இப்போது சொல்வதில்லை. "வாங்க, சேர்ந்து யோசிப்போம்" என்கிறேன்.