விடுதியின் முதல் வாரங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு நோக்கிப் புறப்படுபவர் சிறிது நேரத்திலேயே அத்திபெலேயை அடைந்துவிடுகிறார். அங்கே மாநிலம் மாறுகிறது. பெயர்ப்பலகைகளில் எழுத்தும் மாறுகிறது. கல்லூரிகள் திறக்கும் நாட்களில் பெட்டி, படுக்கை, ஒரு வாளி ஆகியவற்றுடன் வந்திறங்கும் தமிழக மாணவர்களை இங்கே காணலாம். உடன் வந்த தந்தை விடுதிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறார். அன்றிரவு எப்போது உறங்குவது என்பதை அந்த மாணவன் வாழ்வில் முதன்முறையாகத் தானே தீர்மானிக்கிறான்.

சென்ற ஆண்டு அத்தகைய இளைஞர் ஒருவர் எம்மைக் காண வந்தார். தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். கல்லூரியில் சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. வகுப்பில் நடத்துவது விளங்கவில்லை. விளங்காததால் சில நாட்கள் செல்லவில்லை. செல்லாததால் மேலும் விளங்கவில்லை. நான்கு மாதங்களுக்கென்று தந்தை அளித்த பணம் தீர்ந்துவிட்டது. எதற்குச் செலவாயிற்று என்பது அவருக்கே தெரியவில்லை. தந்தையோ, மகன் நன்றாகப் படிக்கிறான் என்ற நம்பிக்கையில் இருந்தார். ‘பேசாமல் வீட்டிற்கே போய்விடட்டுமா, சுவாமிஜி?’ என்று கேட்டார். அவருக்கு உபதேசம் செய்ய எமக்குத் தோன்றவில்லை. ஏறத்தாழ அதே வயதில் அதே நிலையில் நின்ற வேறொருவரைப் பற்றிக் கூறினோம்.

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோகன்தாஸ் காந்தி பாவநகரின் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். எல்லாம் கடினமாக இருந்தது. விரிவுரைகளைப் பின்பற்றவே இயலவில்லை. முதல் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பேராசிரியர்கள் திறமை மிக்கவர்களே, பக்குவமின்மை தம்முடையதே என்று பின்னாளில் தமது சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். மகாத்மாவின் முதல் கல்லூரி அனுபவம் இவ்வளவுதான் என்பது பலருக்குத் தெரியாது.

குடும்ப நண்பர் மாவ்ஜி தவேயின் யோசனைப்படி சட்டம் பயில இங்கிலாந்து செல்வதென முடிவாயிற்று. தாய் புத்லிபாய் அஞ்சினார். பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் உறுதியளித்த பிறகே விடை கொடுத்தார். செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறியபோது காந்திக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. இலண்டனில் இரவு வந்தால் வீட்டு நினைவு, கண்ணீர் பெருகும்.

ஆனால் சுதந்திரமும் கூடவே வந்தது. உயர்ந்த தொப்பி ஒன்று பத்தொன்பது ஷில்லிங். பாண்டு தெருவில் தைத்த மாலை உடை பத்துப் பவுன். கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டியையும் தலைமுடியையும் சரிசெய்ய நாள்தோறும் பத்து நிமிடம். நடனம் பயில மூன்று பவுன் கட்டினார். மூன்று வாரங்களில் ஆறு பாடங்கள் ஆகியும் பியானோவுக்கு ஏற்பக் கால் நகரவில்லை. தாளம் பிடிபடுவதற்காக வயலின் வாங்கினார். அதற்கும் மூன்று பவுன். போதாதென்று பேச்சுக் கலை வகுப்பு வேறு. அத்தனையும் ஊரில் அண்ணன் அனுப்பிய பணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்க்கு அளித்த வாக்கை அவர் மீறவில்லை. புலால் உண்ணாததால் பல நாட்கள் அரைப் பட்டினி கிடந்தார். ஆனால் அந்த வாக்கு தொப்பியைப் பற்றியதல்ல, வயலினைப் பற்றியதும் அல்ல. பெற்றோர் முன்கூட்டியே கண்ட அபாயங்களுக்கு அவர்கள் இட்ட வேலி காவலாயிற்று. அவர்கள் காணாத இடத்தில் வேலியில்லை. நாளொன்றுக்கு மூன்று முறை செல்பேசியில் ‘சாப்பிட்டாயா?’ என்று வினவும் இன்றைய பெற்றோருக்கும் இது பொருந்தும். அந்தக் கேள்விக்கு உண்மையான விடையளித்துக்கொண்டே ஒரு மாணவன் ஒரு பருவம் முழுவதையும் வீணாக்கிவிட முடியும்.

மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்டதால் சொற்களை உதறிப் பார்க்கும் பழக்கம் எமக்கு உண்டு. ‘சுதந்திரம்’ என்ற வடசொல்லின் பிற்பகுதியான ‘தந்திரம்’ தறியையும் அதில் இழுத்துக் கட்டிய பாவு நூலையும் குறிக்கும். ஆகவே சுதந்திரம் என்பது நூலின்றி இருப்பதன்று. நூல் தன் கையில் இருப்பது. தமிழிலும் விடுதலை, விடுதி இரண்டும் ‘விடு’ என்ற வேரிலிருந்து பிறந்தவை. பொறுப்பு, பொறுமை இரண்டும் ‘பொறு’ என்பதிலிருந்து.

காந்திஜியின் அந்த மோகம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தது. பிறகு, தாம் வந்தது படிப்பதற்கே என்பதை உணர்ந்து, பேச்சுக் கலை ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். வயலினை விற்றுவிட ஏற்பாடு செய்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. பேருந்துக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்கும் முன் மீதியைச் சரிபார்ப்பார். கணக்கு இருந்ததால்தான் பணம் போகும் வழி தெரிந்தது. தெரிந்ததால் செலவைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. அறையை மாற்றினார், நாள்தோறும் எட்டுப் பத்து மைல்கள் நடந்தார். பின்னாளில் இலட்சக்கணக்கான பொதுப்பணத்தைக் கையாண்டபோதும் இப்பழக்கமே துணை நின்றது.

செல்பேசியைக் காட்டிச் செலுத்தும் பணம் கையை விட்டுப் போனதாகவே தோன்றுவதில்லை என்றார் அந்த இளைஞர். அது மெய்யே. அவரிடம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தோம். இடப்பக்கம் பணம், வலப்பக்கம் நேரம். இரவில் இரண்டையும் எழுத வேண்டும், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ‘வேறு விரதம் எதுவும் வேண்டாம், தம்பி, எழுதினால் போதும். ஆனால் அதற்கு முன் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு’ என்றோம்.

ஒரு மாதம் கழித்து வந்தார். தந்தையிடம் பேசுவதற்கு நான்கு நாட்கள் ஆயினவாம். அவர் திட்டவில்லை, நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, ‘வகுப்புக்கு மட்டும் போ’ என்றாராம். நோட்டின் முதல் பக்கங்களில் வலப்பக்கத்தைப் பார்க்கவே கூசியதாகக் கூறினார். இப்போது வகுப்புகளைத் தவறவிடுவதில்லை. விளங்காதவற்றை மாலையில் மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறார். முதல் உள்தேர்வில் இரண்டு பாடங்களில் தேறவில்லை. நாம் ஆறுதல் கூற வாயெடுக்கும் முன்பே, இலண்டன் மெட்ரிகுலேஷனில் காந்திஜி முதல் முறை இலத்தீனில் தவறியதைத் தாமே எடுத்துக் கூறி, இரண்டாவது நோட்டு வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்.