பைக், குட்டி யானை, தாத்தா துப்பாக்கி: மலைத் தோட்ட வீட்டுக் குறிப்புகள்

மலையில் தோட்டம் துரவு வைத்திருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றையும் பார்க்கலாம். மண் பாதையில் ஏற ஒரு எக்ஸ்பல்ஸோ ஹிமாலயனோ, வாழைத்தாரும் காய்கறியும் ஏற்ற குட்டி யானை என்கிற ஒரு மினி லாரி, பீரோவுக்குள் லைசென்ஸோடு ஒரு பழைய துப்பாக்கி. மூன்றுக்கும் எதிரி ஈரம்தான். ஒரு மழை ஓய்ந்து அடுத்த மழை பிடிப்பதற்குள் ஆயுத பூஜை வருகிறதே, அதையே சாக்காக வைத்து இதையெல்லாம் முடித்துவிடலாம்.

1. பைக் செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். கொஞ்சம் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். ஓட்டி வந்த சூடு ஆறுமுன் 90 நம்பர் கியர் ஆயில் தடவினால் இடுக்கெல்லாம் இறங்கும். காலையில் கிளம்பும்போது தடவினால் பாதி ஆயில் பேண்ட்டுக்குத்தான்.

2. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பது நம் ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. விரல் போய்விடும். இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியே துடையுங்கள்.

3. பிரேக், கிளட்ச் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டை முழுக்க முறுக்க வேண்டாம். பலமாகத் தள்ளினால் திரும்புகிற அளவுக்கு விட்டு வையுங்கள். சேற்றில் வண்டி சாய்ந்தால் லீவர் ஒடியாமல் சுற்றிக்கொள்ளும், புது லீவர் காசு மிச்சம்.

4. ஒரு புது கிளட்ச் கேபிளை வாங்கி, ஓடுகிற கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி வண்டியிலேயே விட்டுவிடுங்கள். காட்டுக்குள் கேபிள் அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டுவதுதான் வேலை. இரண்டு முனையிலும் பாலிதீன் கட்டினால் தூசி, தண்ணீர் உள்ளே போகாது.

5. பஞ்சரான பழைய ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். குறுக்கே வளையம் வளையமாக வெட்டினால் வெயிலுக்கும் மழைக்கும் அசையாத ரப்பர் பேண்ட். நீளவாக்கில் வெட்டினால் மூட்டை கட்டும் கயிறு. கம்பிக் கேரியர் கடகடவென்று ஆடுகிற இடத்தில் ஒரு துண்டைச் செருகுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

6. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டுங்கள். காகித வகையைத் தண்ணீரில் காட்டவே கூடாது. அதிலும் எண்ணெய் பூசிய காகிதம் என்றால் காற்றும் அடிக்க வேண்டாம். கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

7. ஸ்போக்ஸ் சக்கரத்தை மாதம் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்றால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு தளரும்போதே பார்த்தால் ரிம் கோணாது.

8. சேற்றில் பிடிப்பு வேண்டுமென்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், எல்லாரும் அறிந்ததுதான். தார் ரோடு வந்ததும் மறுபடி அடிக்கத்தான் மறந்துபோகிறது. அடுத்த கல்லில் ட்யூப் கடிபட்டு ரிம்மும் நசுங்கும். காலால் மிதிக்கிற சின்ன பம்ப் ஒன்றை வண்டியிலேயே வையுங்கள்.

9. இனி குட்டி யானை. "ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வதை டீசல் மிச்சம் பிடிக்கிற ஆசையில் மீறாதீர்கள். நியூட்ரலில் உருட்டினால் முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. இன்ஜினையும் அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கிற வேக்குவம் உதவியும் தீர்ந்துபோகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. அங்கே மிச்சம் பிடிக்கிற நூறு ரூபாய் நமக்கு வேண்டாம்.

10. டீசல் வண்டி என்றால் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, அவ்வப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இரவு வண்டியை நிறுத்துமுன் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடமிருக்காது. ஏர் பிரேக் லாரி வைத்திருப்பவர்கள் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரையும் தினம் திறந்துவிட வேண்டும்.

11. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டு 32-ஆவது வாரம் செய்தது. "புது டயர்" என்று கடைக்காரர் காட்டும்போது முதலில் இதைப் பாருங்கள். வருஷக்கணக்கில் பரணில் கிடந்த டயருக்கு முழு விலை எதற்கு?

12. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பிரஷால் தேயுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காய்ந்ததும் வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

13. குட்டி யானைக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, எலிக்கு அதைவிட வெதுவெதுப்பான மெத்தை கிடையாது. புகையிலைத் துண்டு வைப்பதெல்லாம் வாசம் இருக்கும்வரைதான். சாக்கு, தீனி, வாழைப்பழத் தோல் எதையும் இரவில் வண்டியில் விடாமலிருப்பதுதான் மருந்து. வயரிங் செலவை நினைத்தால் தினம் கூட்டிவிடுவது மேல்.

14. பூஜையன்று வாழைக்கன்றை ஹெட்லைட்டை மறைக்காமல் கட்டுங்கள். கண்ணாடியில் வைத்த சந்தனம், குங்குமத்தை அன்றைக்கே ஈரத்துணியால் எடுத்தால் கறை பிடிக்காது. பூசணிக்காயை மட்டும் நடுரோட்டில் உடைக்காதீர்கள், அடுத்து வருகிற பைக்காரர் வழுக்கி விழுவார்.

15. இனி துப்பாக்கி. குடகில் செப்டம்பரில் வரும் கைல்போத் திருவிழாவில் குழல் நுனியில் செங்காந்தள் பூவைச் செருகி வைப்பார்கள்; பார்க்க அத்தனை அழகு. நம் வீட்டில் பூவும் பொட்டும் வைத்தாலும் பூஜை முடிந்ததும் எடுத்து, தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, துடைத்து எண்ணெய் போடுங்கள். பூவின் ஈரம் பட்ட இடத்தில் துருப்புள்ளி விழும்.

16. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி விசையைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு, பழைய பனியன் துணி, அதுவே தாராளம். துடைத்த பிறகு இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு போதும் துரு பிடிக்க.

17. தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கே கொடுக்கும். உறையைத் தனியாக வைத்து, செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களை பீரோவில் போடுங்கள். தோட்டாவுக்கு வேறு அலமாரி, வேறு பூட்டு, சாவி பெரியவர்கள் கையில்.

18. துப்பாக்கியின் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் நல்லது. ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

19. பழைய துப்பாக்கியைப் பளபளவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். காலம் ஏற்றிய அந்தப் பழுப்பு நிறத்துக்கும், தேய்ந்த முத்திரை எழுத்துக்கும்தான் மதிப்பே.

20. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே கணக்குதான். லைசென்ஸ் 5 வருஷத்துக்கு. முடிகிற தேதியை அடுப்படிக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், கொடுத்த ரசீதை உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

21. இரண்டோடு ஆசை அடங்காதவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. டிக்கெட் காசு மட்டும் நம்முடையது, எண்ணெய் போடுகிற வேலை அவர்களுடையது.